சுரைக்குடுவையா, மண்பானையா: பெருவின் பாலைக் கடற்கரையில்

பெருவின் கடலோரப் பகுதியில் வாழ்ந்த பழங்காலக் காரல் மக்கள் மண்பானை இல்லாமலே பெரிய மேடைகளைக் கட்டினார்கள். அப்புறம் எதற்குப் பானை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கடற்கரைக்குச் சுட்ட மண் வந்தது ஏறக்குறைய கி.மு. 1800-இல்தான். அதற்கு முன் சுரைக்குடுவை ராஜ்ஜியம்.

செலவு:
குடுவை – விதை, ஆற்றோரத் தண்ணீர், சில மாதக் காத்திருப்பு.
பானை – களிமண், கைப்பக்குவம், விறகு. பாலையில் விறகுதான் இடிக்கும்.

எடை:
குடுவை – மிதக்கும். சிக்காமா ஆற்று முகத்தில் உள்ள உவாக்கா பிரியேத்தா என்ற பழங்குடியிருப்பு மேட்டை 1946-47-இல் தொல்லியலாளர் ஜூனியஸ் பேர்ட் அகழ்ந்தபோது, வலைக்கு மிதவையாகவே சுரைக்காய் கிடைத்தது. செதுக்கிய உருவங்களோடு இரண்டு சிறு குடுவைகளும்!
பானை – கடலுக்கு ஆகாது.

ஆயுள்:
உடைந்தாலும் பானை ஓடு மக்காது. குடுவை மக்கும், ஆனால் மழை மிக அரிதாகவே பெய்யும் இந்த மணலில் அதுவும் ஆயிரக்கணக்கான ஆண்டு தாங்கியிருக்கிறது. வேறு ஊராக இருந்தால் நமக்குத் தடயமே கிடைத்திருக்காது.

அடுப்பு:
இங்கே பானைக்கே வெற்றி. குடுவையை நெருப்பில் வைக்க முடியாது. பீன்ஸ் மணிக்கணக்கில் வேக வேண்டுமே. இதே கடற்கரையின் விரு பள்ளத்தாக்கில், பானை புதிதாக வந்த குவான்யாப்பே காலத்துப் பானைகளில் பல, கழுத்தே இல்லாத உருண்டைகள். அழகு பார்த்துச் செய்தவையாகத் தெரியவில்லை, சமையலுக்குச் செய்தவை.

வலை வீசுபவருக்குக் குடுவை, பயறு அவிப்பவருக்குப் பானை. இரண்டு வேலையும் இருந்த வீட்டில் இரண்டும் இருந்திருக்கும்.