பழைய காருக்குக் குஷன் வேலை: ஜி.பி. ரோடா, பெரியமேடா, புதுப்பேட்டையா?

இன்ஜின் வேலை, டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடிந்து பளபளவென்று நிற்கும் பழைய பிரீமியர் பத்மினி காரின் கதவைத் திறந்தால், உள்ளே சோபா செட் மாதிரி ஒரு சீட். சென்னையில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. துணியும் ஃபோமும் கிடைக்காத ஊர் இல்லை இது. ஆனால் எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும் என்று நம்பி வண்டியை மொத்தமாக ஒப்படைத்தால் இப்படித்தான் முடியும்.

அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அதாவது ஜி.பி. ரோடு, கார் சாமான்களுக்குப் பேர்போனது. இன்று ஓடும் வண்டிகளுக்கு ரெடிமேட் கவர், மேட்டிங், பீடிங் எல்லாம் நின்ற இடத்தில் கிடைக்கும். விலை பேசவும் இடமுண்டு. பழைய வண்டி என்றால் கதை வேறு. பல கடைகளில் பழைய உறையைக் கழற்றாமல் அதன் மேலேயே புதிதாக ஒன்றைத் தைத்து மாட்டிவிடுவார்கள். சீட் ஒரு அங்குலம் பருத்துப்போகும், தையல் கோடு இடம் மாறும், உள்ளே துருப்பிடித்த ஸ்பிரிங் அப்படியே இருக்கும். பீடிங், மேட்டிங், கிளிப் வாங்க ஜி.பி. ரோடு போதும். சீட் வேலைக்கு எங்கள் மதிப்பெண் பத்துக்கு நாலு.

ரெக்சினுக்கும் தோலுக்கும் பெரியமேடு. செருப்பு, பை, பெல்ட் செய்கிறவர்களுக்காக வளர்ந்த சந்தை என்பதால் ரகம் அதிகம். அதுவேதான் ஆபத்தும். கையில் மெத்தென்று நழுவும் பி.யு. (பாலியூரித்தேன்) ரகம் கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது. அது பைக்கு நல்லது, காருக்கு ஆகாது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் பாலியூரித்தேன் பூச்சு மெல்லச் சிதைந்து சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். கேட்க வேண்டியது பி.வி.சி. ரெக்சின், 1 மி.மீ. அளவு கனம், பின்பக்கம் பனியன் துணி மாதிரி இழுபடும் பின்னல். நெய்த துணி ஒட்டியது வளைவில் சுருங்கி நிற்கும். சந்தேகமா? செம்புக் கம்பி ஒன்றைச் சூடாக்கித் துண்டு ரெக்சினில் தொட்டுவிட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். பச்சைச் சுவாலை வந்தால் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி. (கடைக்கு வெளியே வந்து செய்யுங்கள், புகையை முகராதீர்கள்.) சோபாவுக்கான பி.வி.சி. வெயிலுக்கென்று தயாரானதல்ல, பின் கண்ணாடியை ஒட்டிய சீட்டின் மேல்விளிம்பில் முதலில் வெடிக்கும். தீப்பிடிக்கும் வேகத்துக்கான ஐ.எஸ். 15061 தரத்துக்கு உட்பட்ட வாகன ரகம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அளவு: ரெக்சின் 54 அங்குல அகலத்தில் மீட்டர் கணக்கில் வரும். அம்பாசடரின் முன், பின் பெஞ்ச் சீட்டுகளுக்கு 8 முதல் 9 மீட்டர், நான்கு டோர் பேடுக்கு (கதவின் உட்பக்க அட்டை) 3 மீட்டர், தையல் ஓரத்தில் வரும் பைப்பிங்குக்கு 1 மீட்டர். ஆக 13 மீட்டரை ஒரே ரோலில் வெட்டி வாங்குங்கள். அடுத்த லாட்டில் நிறம் கொஞ்சம் மாறியே தீரும். புளீட் (வரிவரியான மடிப்புத் தையல்) வைத்த சீட்டுக்கு அகலவாக்கில் கால்பங்கு வரை கூடுதல் துணி போகும். இதை மறந்துதான் பலர் 10 மீட்டரோடு திரும்பி வருகிறார்கள். நிறம் பார்க்கப் பழைய டோர் பேடின் மடிப்புக்குள் வெயில் படாத துண்டை வெட்டி எடுத்துச் சென்று, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் மெரூனும் பிரவுனும் ஒன்றுதான்.

தோலா வேண்டும்? பத்மினி, அம்பாசடர்களில் பெரும்பாலானவை ரெக்சினோடுதான் வந்தன; அசல் நிலைக்குக் கொண்டுவருவது நோக்கம் என்றால் தோல் தேவையே இல்லை. பிடிவாதம் என்றால், ஆட்டுத்தோலைத் தொடாதீர்கள். ஒரு தோல் ஐந்தாறு சதுர அடிதான் வரும், சீட்டின் நடுவில் ஒட்டு விழும். ஜாக்கெட் தோல் மெலிசு, உட்கார்ந்து எழுந்தே கிழியும். 1 முதல் 1.2 மி.மீ. கனமுள்ள மாட்டுத்தோல், கழிவோடு சேர்த்து 200 சதுர அடிக்கு மேல், எல்லாம் ஒரே சாயத்தில் தேவை.

ஃபோம் வாங்கும்போது தராசு கேளுங்கள். கடைக்காரர் ‘40 டென்சிட்டி’ (கன மீட்டருக்கு 40 கிலோ) என்று சொன்னால், 6 அடிக்கு 3 அடி, 2 அங்குல ஷீட் சுமார் 3.4 கிலோ நிற்க வேண்டும். 32 டென்சிட்டி என்றால் 2.7 கிலோ. 2 கிலோவுக்குக் கீழே வந்தால் அது தலையணைச் சரக்கு. எடையைக் கூட்டச் சுண்ணாம்புத் தூள் கலந்த ஃபோமும் உண்டு; விரலால் அழுத்தித் தேய்த்தால் மாவு உதிரும். உட்காரும் பகுதிக்கு 40, சாயும் பகுதிக்கு 32 சரியாக இருக்கும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு முழுக்க ஃபோம் கட்டை வைக்கலாம் என்று யோசனை சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பிரிங் சீட்டில் ஆள் உட்கார்ந்ததும் அமிழும் உயரத்தைக் கணக்குப் பண்ணித்தான் ஸ்டீயரிங் வைத்திருக்கிறார்கள். ஃபோம் கட்டையில் உட்கார்ந்தால் முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கும். ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவே கோணித்துணியோ ஃபெல்ட்டோ கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கம்பி ஃபோமை அறுத்து, நாளடைவில் சீட்டுக்கடியில் மஞ்சள் தூளாகக் கொட்டும்.

ஒடிந்த ஸ்பிரிங்கை வெல்டிங் வைத்தால் சூட்டில் விறைப்பு போய், பற்றுக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும். அதற்குத்தான் புதுப்பேட்டை. உடைத்த வண்டிகளின் சீட் ஃப்ரேம், ரூஃப் லைனிங் கம்பி, டோர் பேட் கிளிப், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, அதன் அடிவட்டம், குரோம் பட்டி எல்லாம் தேடினால் அகப்படும். அம்பாசடர் 2014 வரைக்கும் வந்ததால் அதற்குச் சாமான் தாராளம். ஆனால் பழைய மாடலான மார்க் 2-வுக்கு என்று கேட்டு, பின்னால் வந்த நோவா மாடலினுடையதை வாங்கிவந்துவிடாதீர்கள். பழைய உருப்படி கையில் இல்லாமல் புதுப்பேட்டைக்குப் போவது வீண் நடை. பொருளுக்கு ஏழு மதிப்பெண் தரலாம், பொறுமை உங்களுடையது.

இனி தைப்பவர். மூன்று இடத்துச் சரக்கையும் கெடுப்பதும் காப்பாற்றுவதும் இவர்தான். பழைய உறையைக் கிழித்து எறியாமல் தையல் பிரித்து எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் எண்ணும் திசைக் குறியும் போட்டு, அதையே அச்சாக வைத்து வெட்டுகிறாரா என்று முதலில் கேளுங்கள். பழைய உறை போனால் வண்டியின் வரைபடமே போன மாதிரி. அடுத்தது மிஷின். மேல் பாதமும் சேர்ந்து நகரும் வாக்கிங் ஃபுட் மிஷின் வேண்டும். சாதாரண மிஷினில் மேல் அடுக்கு பின்தங்கி, நீளத் தையலில் சுருக்கம் விழும். நூல் பாலியஸ்டர், பருத்தி மக்கும், நைலான் வெயிலில் சீக்கிரம் பலமிழக்கும். அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் போதும். நெருக்கித் தைத்தால் அழகு என்று நினைத்து 12 போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகக் கிழியும். புளீட்டுக்குள் வைக்கும் மெல்லிய ஃபோமின் அடியில் துணி ஒட்டியிருக்க வேண்டும், இல்லையேல் நூல் ஃபோமை அறுத்துக்கொண்டு இறங்கிவிடும். முழு வேலையையும் தருமுன் ஒரு டோர் பேடு மட்டும் செய்துதரச் சொல்லிப் பாருங்கள்.

டோர் பேடுக்கு 3 மி.மீ. ஹார்ட்போர்டு. எம்.டி.எஃப். வேண்டாம், ஐப்பசி மழையில் பப்படமாக உப்பும். கதவுக் கண்ணாடி வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு, கீழ்த் துளைகளில் வெளியேற வேண்டும். துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, போர்டின் விளிம்புகளுக்கும் பின்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்து, நடுவே பாலிதீன் ஷீட் ஒட்டி, அதன் அடிவிளிம்பைக் கதவுக்குள் செருகிவிடுங்கள். பழைய பேடில் எப்போதும் கீழ்ப்பாதி மட்டும் அழுகியிருப்பது ஷீட் இல்லாததால்தான். கிளிப் துளைகளைப் பழைய போர்டை மேலே வைத்துக் குறியுங்கள். ஒட்ட ஃபெவிகால் எஸ்.ஆர். ரகப் பசை, இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் குமிழ் எழும். ரெக்சினிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசையும் நாளடைவில் பசையை இளக்கும் என்பதால், விளிம்பை மடித்து ஸ்டேப்ளர் பின் அடிப்பதைத் தவிர்க்கக் கூடாது.

ரூஃப் லைனிங்கை முன், பின் கண்ணாடி மாட்டுமுன் முடித்துவிடுங்கள். அதன் ஓரம் ரப்பருக்கு அடியில் போகும். கம்பிகளைக் கழற்றும்போதே எண் போடுங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வளைவு வெவ்வேறு. ஒன்று மாறினாலும் லைனிங் தொய்யும். மாட்டுமுன் துணியை அரைமணி வெயிலில் போட்டால் இழுக்க வாகாக இருக்கும். இந்த ஒன்றுக்காவது நம் வெயில் உதவட்டும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1961 முதல் 1971 வரை வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் வந்த வண்டி என்றாலும், உள்ளூரில் அதற்குச் சாமான் தேடுவதுதான் கஷ்டம். இங்கிலாந்தில் அதன் மூல வண்டியான டிரையம்ப் ஹெரால்டுக்கு முழு ட்ரிம் கிட் (சீட் உறை, கதவு பேனல் எல்லாம் சேர்ந்த செட்) கிடைக்கிறது. ஆனால் அந்த ஊரில் நான்கு கதவு ஹெரால்டே வரவில்லை. 1968-ல் வந்த நம் மார்க் 3-க்கு அந்த கிட்டின் கதவு பேனல்களும் பின்பக்கப் பேனல்களும் பொருந்தாது. இரண்டு கதவு வண்டியானால் வரவழைக்கலாம். நான்கு கதவானால் முன் சீட் உறையோடு நிறுத்திக்கொண்டு, அதே நிற ரெக்சினையும் மீட்டர் கணக்கில் சேர்த்தே வரவழைத்து மற்றதை இங்கே தைக்க வேண்டியதுதான்.