பச்சிளங்குழந்தைப் பயிற்சி: பொம்மை நன்று, விளம்பரம் நன்றன்று

இராமநாதபுரத்தில் ஒரு தனியார் நிலையம் நடத்திய இரண்டு நாள் பச்சிளங்குழந்தை உயிர்மீட்புப் பயிற்சிக்கு, 3,500 ரூபாய் கட்டி, மண்டபம் ஊரிலிருந்து பேருந்தில் சென்று வந்தேன். பிரசவ அறைப் பணியில் இருப்பவள் என்பதால் எதிர்பார்ப்பு அதிகம்.

கட்டணத்துக்கு ஈடானது முதல் நாள் பிற்பகல்தான். பிறந்தும் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பையால் (கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் பை) மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று பலமுறை படித்திருந்தும், பயிற்சிப் பொம்மையின் முகத்தில் நான் பிடித்த முகமூடியின் ஓரம் வழியே காற்று கசிந்து, மார்பு அசையாமல் கிடந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. பயிற்றுநர் தோளுக்கடியில் மடித்த துணியை வைத்து, தலையைச் சற்றே நிமிர்த்தினார். அடுத்த அழுத்தலில் மார்பு உயர்ந்தது. "அழுத்து, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு கொடுக்கப் பழக்கினார். மேல்சிகிச்சைக்கு மதுரைக்கு அனுப்புவதென்றால் இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் என்னும்போது, அந்த முதல் நிமிடம் பக்கத்தில் நிற்கும் செவிலியரின் கையில்தான் இருக்கிறது.

மறுநாள் மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடையால் தாய்ப்பால் புகட்டுவதைக் காட்டினார்கள். உறிஞ்சும் வலு வராத குறைமாதக் குழந்தைக்கு, நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் அதே பாலாடைதான்! மூச்சுத் திணறும் குழந்தைக்கு மூக்கு வழியே அழுத்தக் காற்றுத் தரும் சீபேப் கருவியைப் படத்தில் மட்டுமே கண்டோம். 16 பேருக்கு ஒரே பொம்மை. குறைமாதக் குழந்தைக்கான சிறிய முகமூடி இல்லவே இல்லை.

பெரிய குறை விளம்பரம். "என்.ஐ.சி.யு. செவிலியர் ஆகலாம்" (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்) என்ற துண்டறிக்கையை நம்பி, பிளஸ் டூ மட்டும் முடித்த தொண்டிப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். மூன்றாண்டு ஜி.என்.எம். (செவிலியப் பட்டயப் படிப்பு) அல்லது நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்யாமல் எவரும் செவிலியர் ஆக முடியாது. அதற்குப் பிறகே ஓராண்டுப் பச்சிளங்குழந்தைச் செவிலியப் பட்டயம். அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் சேரும் செவிலியருக்கோ 4 நாள் வகுப்பும், அதன்பின் இரண்டு வாரம் வார்டிலேயே நேரடிப் பயிற்சியும் உண்டு. தேநீர் இடைவேளையில் இதைச் சொன்னபோது, அவள் ரசீதை மீண்டும் எடுத்துப் பார்த்தாள்.

பதிவு பெற்று, பிரசவ அறையில் வேலை செய்பவர்கள் தாராளமாகச் செல்லலாம். எத்தனை பேருக்கு எத்தனை பொம்மை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.