ஆஃப் ஒயிட் சரிசெய்கிறேன் என்று வாளியில் கலக்கினால் உடனே நிறுத்துங்கள்

எங்கள் படுக்கையறையில் நேர் வெயில் விழாது. ஒரே ஜன்னல், அதற்கு வெளியே அடர்ந்த மரம். பெயின்ட் கடையின் நிற மாதிரி அட்டையான ஷேட் கார்டில் வெண்ணெய் போல இதமாகத் தெரிந்த ஆஃப் ஒயிட் பெயின்ட்டை எடுத்தோம். இரண்டு கோட் அடித்துக் காய்ந்ததும் சுவர் முழுக்க லேசான பச்சை, பாசி பிடித்த மாதிரி.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. அந்த ஷேடில் மஞ்சள் சாயல் இருந்தது. வெயில் வராத அறைக்குள் வருவது வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம். இலைகளில் பட்டுத் திரும்பும் பச்சையும் அதில் சேர்ந்துகொண்டது. நான்கு சுவர்களும் ஒன்றன் நிறத்தை மற்றொன்றில் வீசுவதால், சின்னக் கார்டில் கண்ணில் படாத சாயல் அறையில் தூக்கலாகத் தெரியும். இதுவரை யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

பெயின்டிங் ஒப்பந்தக்காரர், "நிறத்தைப் பாதியாகக் குறைத்துக் கடையில் மெஷினில் கலந்து வாங்கி வருகிறேன், சரியாகிவிடும்" என்றார். நம்பி, புது பெயின்ட்டுக்கு முழுப் பணமும் கொடுத்தோம். அவர் ஆட்கள் செய்ததோ வேறு. மிச்சமிருந்த பழைய பெயின்ட்டில் வெறும் வெள்ளையை ஊற்றி, பச்சையை மறைக்க, நிறமேற்றும் திரவமான கறுப்பு ஸ்டெயினரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குச்சியால் கலக்கியிருக்கிறார்கள். பின்வாசலில் அம்மா பார்த்துவிட்டுச் சொன்னபோது ஒரு சுவர் முடிந்திருந்தது.

மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பச்சைதான் வரும்! மறைக்க விட்ட கறுப்பே பச்சையைக் கூட்டிவிட்டது. அளவு பார்க்காததால் மூன்று வாளியும் மூன்று நிறம். மூலையில் இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. கேட்டால், "காய்ந்தால் ஒன்றாகிவிடும்" என்றார். ஆகவில்லை. மெஷினில் எந்த நிறம் எவ்வளவு கலந்தது என்று காட்டும், டப்பா மூடியில் ஒட்டியிருக்க வேண்டிய ஃபார்முலா ஸ்டிக்கரைக் காட்டச் சொன்னேன். பேச்சே இல்லை.

பாதியாகக் குறைப்பதால் நிறம் வெளிறுமே தவிர, சாயல் அப்படியேதான் இருக்கும். பச்சையை அடக்க அதற்கு எதிரான சிவப்பு துளியூண்டு வேண்டும். அந்தத் துளியைக் கையால் அளக்க முடியாது, கடையில் நிறம் கலக்கும் டின்டிங் மெஷின்தான் அளக்கும்.

கடைசியில் நாங்களே வேறு கடைக்குப் போய், சிவப்புச் சாயல் உள்ள ஆஃப் ஒயிட்டில் ஒரு சின்ன டப்பா மட்டும் வாங்கினோம். 2 அடிக்கு 2 அடி பலகையில் இரண்டு கோட் அடித்துக் காயவைத்து, சுவர் சுவராகச் சாய்த்துக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பார்த்தோம். பல்பையும் மாற்றிப் பார்த்தோம். 6500 கெல்வின் என்று போட்ட நீலம் கலந்த வெள்ளை பல்பில் வெளிறிச் சில்லென்று இருந்த அதே பலகை, 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்ச பல்பில் இதமாக இருந்தது. பிறகுதான் மொத்தமாக வாங்கி, டப்பாவுக்கு டப்பா நிறம் மாறாமலிருக்க எல்லா டப்பாவையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலந்து அடிக்கவைத்தோம். ஒவ்வொரு மூடியிலும் இருந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

முதல் ஒப்பந்தக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. இப்போது போனும் எடுப்பதில்லை.