ஒரிஜினலா, பிரிண்ட்டா, கை அச்சா?

ஓவியரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு படம் பிடித்துப்போகிறது. ஒரிஜினல் 20,000 ரூபாய், அதே படத்தின் பிரிண்ட் 1,500 என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். அதற்கு முன் மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஒரிஜினலில் நீங்கள் காசு கொடுப்பது மேற்பரப்புக்கு. அக்ரிலிக்கில் கத்தியால் இழுத்த தடிமன், நீர்வண்ணத்தில் காகிதம் குடித்த கறை, இவற்றை நேராக எடுத்த போட்டோ காட்டாது. பகல் வெளிச்சத்தில் சாய்வாக எடுத்த ஒரு படமும், ஒரு மூலையின் நெருக்கமான படமும், அளவு தெரியப் பக்கத்தில் கை வைத்து எடுத்த படமும் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல ஓவியர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் நீர்வண்ணம் வாங்கினால் ஃபிரேம் போடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி இடையில் மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை விளிம்பு, வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். சுருட்டி அனுப்பும் கேன்வாஸ் என்றால், அகலமான குழாயில், வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது டிஜிட்டல் பிரிண்ட். பிரிண்ட் என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ரவிவர்மா 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கியதால்தான் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுப் பூஜையறைக்கு வந்தார்கள். ஆனால் இன்று ‘ஜிக்லே’ (தரமான இங்க்ஜெட் பிரிண்ட்டுக்கான பெயர்) என்று சொல்லி எதையும் விற்கிறார்கள். கேட்க வேண்டியது இரண்டே: மை பிக்மென்ட்டா (நிறத்துகள்), டையா (கரையும் சாயம்)? தாள் அமிலமில்லாததா, பருத்தியில் செய்ததா? டை மை வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுத்துவிடும். பதில் தெளிவாக வராவிட்டால், அதைப் போஸ்டர் விலைக்கு மேல் வாங்காதீர்கள். எண்ணிக்கை வரம்பில்லாத பிரிண்ட்டில் கையெழுத்து இருப்பதாலேயே விலையை ஏற்றுவதும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூன்றாவது, கை அச்சு: லினோகட் (லினோலியம் விரிப்பில் செதுக்கி அச்சிடுவது), மரச்செதுக்கு (மரப்பலகையில் செதுக்கி அச்சிடுவது), எச்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சிடுவது). ஓவியரே பலகையையோ தகட்டையோ தயாரித்து, மை பூசி, ஒவ்வொரு தாளாக எடுப்பது. இதற்கு முந்தைய ‘ஒரிஜினல்’ என்று ஒன்று கிடையாது. அச்சில் வருவதுதான் படைப்பு. சென்னைக்கு இதில் நல்ல மரபு உண்டு. ஆர்.எம். பழனியப்பன் போன்ற அச்சு ஓவியர்கள் எச்சிங்கில் செய்திருப்பதைப் பார்த்தால் புரியும். தாளின் கீழே பென்சிலில் 7/30 என்று எழுதியிருக்கும்: மொத்தம் முப்பது, இது ஏழாவது. ‘ஏ.பி.’ என்றிருந்தால் ஓவியர் தனக்கென்று எடுத்துவைத்த படி. எச்சிங்கைச் சாய்த்துப் பார்த்தால் படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் விரலுக்கே தட்டுப்படும். பூதக்கண்ணாடியில் டிஜிட்டல் பிரிண்ட் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். லினோகட்டில் திட்டாக அப்பிய மைதான் தெரியும். விலை பெரும்பாலும் ஒரிஜினலுக்கும் டிஜிட்டலுக்கும் இடையில் நிற்கும். பெரிய சுவரை நிரப்ப ஒரு பெரிய டிஜிட்டல் பிரிண்ட் வாங்கும் பணத்தில் சின்ன லினோகட் ஒன்றை வாங்கி, அகலமான மவுண்ட் போட்டு மாட்டுங்கள் என்பேன். குறை ஒன்று: பளபளக்கும் பல வண்ணம் வேண்டுபவர்களுக்கு இது ஒத்துவராது.

எதை வாங்கினாலும் படம்தான் உங்களுடையது, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். வீட்டில் மாட்டலாம், டி-ஷர்ட்டில் போட்டு விற்க முடியாது. ஒரிஜினலுக்கு இன்னொன்றும் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவுப்படி, மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கும் அதில் பங்கு கேட்க உரிமை இருக்கிறது. அந்தப் பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே ஓவியர் கையெழுத்திட்ட ரசீதையும் சான்றிதழையும் படத்தோடு சேர்த்தே வாங்கி வையுங்கள்.