லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்துவிடாதீர்கள்

சிங்கப்பூரில் லாரியும், டிரெய்லரை இழுக்கிற பிரைம் மூவரும் ஓட்டுகிற அண்ணன் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். வேலையை விடப் போவதாக முதலாளியிடம் வாயால் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நான் இருந்தேன். மூன்று வருடம் ஓட்டிய இடத்தில் 'ஓடிப்போன டிரைவர்' என்ற பெயர்தான் மிச்சம்.

கம்பெனி பெயர் வேண்டாம். ஜூரோங் பக்கம், ஏழெட்டு வண்டி, யார்டிலேயே ஒரு கண்டெய்னருக்குள் ஆபீஸ். மாதம் பிறந்த முதல் நாளே தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், போய்ச் சொன்னேன். கோப்பி ஓவை உறிஞ்சிக்கொண்டே, "ஓகே லா, மாசக் கடைசி வரைக்கும் ஓட்டு, அப்புறம் போ" என்றார். ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸ்தான். எல்லாம் முறைப்படி முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

14ஆம் தேதி இரவு பாசிர் பாஞ்சாங்கில் பெட்டியை இறக்கிவிட்டு யார்டுக்குத் திரும்பினால், சாவியைக் கேட்கிறார். "புது ஆள் வந்துட்டான். நாளைக்கு வர வேணாம், ரெஸ்ட் எடு. சம்பளம் கணக்குப் பார்த்துப் போட்டுடறேன்." சாவி, டீசல் கார்டு, துறைமுகப் பாஸ் மூன்றையும் மேசைமேல் வைத்தேன். கேபினில் கிடந்த செருப்பையும் பிளாஸ்க்கையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஈசூனுக்கு ரயில் ஏறினேன். உண்மையைச் சொன்னால், பாதி மாதம் ஓய்வு கிடைத்ததே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

சம்பள நாளன்று ஒன்றும் வரவில்லை. போன் போட்டேன். 15ஆம் தேதியிலிருந்து நான் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டேனாம். அதனால் ஒரு மாத நோட்டீஸ் பணம் 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). டிரெய்லரின் இடது பின்விளக்கு, மட்கார்டு உடைந்ததற்கு 1,150 வெள்ளி. "நீங்கதான் எங்களுக்குத் தரணும்" என்றார் கிளார்க்கம்மா, குரல்கூட உயரவில்லை.

இந்த வித்தை எங்கிருந்து வருகிறது என்று பிறகுதான் புரிந்தது. அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் 2 வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து வராவிட்டால், ஒப்பந்தத்தை முறித்தது நாம்தான் என்கிறது வேலை நியமனச் சட்டம். நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். என்னை வர வேண்டாம் என்றது அவர். அதைக் காட்ட என்னிடம் ஒரு வரி இல்லை.

அடுத்த அடி புது கம்பெனியில் விழுந்தது. ஆள் எடுக்கும் பெண்மணி, "பழைய இடத்தில் விசாரித்தோம், வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டீர்கள் என்கிறார்கள்" என்று சொல்லி ஃபைலை மூடிவிட்டார். அமெரிக்காவில் டிரைவர்களின் வேலை வரலாற்றை டிஏசி அறிக்கை என்று தனியாகத் திரட்டி வைக்கிறார்கள். அதில் தப்பாக எழுதியிருந்தால் எதிர்த்துக் கேட்கலாம். நம் ஊரில் ஒரு போன் கால் போதும். அதை எங்கே போய் எதிர்த்துக் கேட்பது?

மூன்று மாதம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும், எல்லாரும் டாடெம் என்று சொல்லும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியில் புகார் கொடுத்தேன். வேலையை விட்டவர்கள் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், அதற்குப் பிறகு கதவு சாத்திவிடும். சமரசப் பேச்சில் விளக்குக் கணக்கு முதலில் சரிந்தது. சேதத்துக்குப் பிடிக்க வேண்டுமானால் முதலில் விசாரித்து, நம் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அப்படியும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. என் சம்பளத்துக்கு அது 600 வெள்ளி. இவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டீஸ் பணத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். ஓட்டிய 14 நாள் சம்பளமும் டிரிப் காசும் கைக்கு வந்தன. மீதி 16 நாளுக்கு அவர்தான் எனக்குத் தந்திருக்க வேண்டும், ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாததால் அதை நானே விட்டுவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. ஆயர் ராஜா விரைவுச்சாலையில் 17ஆம் தேதி வேகமாகப் போனதாக என் பெயருக்குச் சம்மன். புது டிரைவர் செய்த தப்புக்கு என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 24 மாதத்தில் 24 குற்றப்புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் முடங்கிவிடும். நமக்கு வேறென்ன சோறு போடும்? என்னைக் காப்பாற்றியது அவர்களுடைய பொய்தான். '15ஆம் தேதி முதல் வேலைக்கு வரவில்லை' என்று கம்பெனி முத்திரையோடு புகாருக்குப் பதில் கொடுத்திருந்தார்கள். வேலைக்கே வராதவன் 17ஆம் தேதி எப்படி வண்டி ஓட்டினான்? அந்தக் கடிதத்தையே போக்குவரத்துக் காவல்துறைக்கு அனுப்பினேன். சம்மன் ரத்தாயிற்று.

இப்போது நானென்றால் சொன்ன அன்றே வாட்ஸ்அப்பில், 'இன்று நோட்டீஸ் கொடுக்கிறேன், கடைசி நாள் இது' என்று இரண்டு வரி அனுப்பி, அவர் 'ஓகே' போட்டதைப் படம் பிடித்துவைப்பேன். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பற்றி ஒன்றும் இல்லாதவர்களுக்குச் சட்டமே கணக்கு சொல்கிறது: 26 வாரத்துக்குக் குறைவென்றால் 1 நாள், 2 வருடத்துக்குள் 1 வாரம், 5 வருடத்துக்குள் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். 'நாளைக்கு வராதே' என்று முதலாளி சொன்னால், 'நீங்கள் வர வேண்டாம் என்றபடி' என்று தொடங்கி அன்றிரவே ஒரு செய்தி. சாவி, கார்டு, பாஸ் கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து. வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் போட்டோ, மீட்டரையும் சேர்த்து. மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்து ஓட்டும் தம்பிகள் கோபத்தில் அப்படியே வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். ஆளைக் காணவில்லை என்று மனிதவள அமைச்சுக்குச் சொல்லிவிட்டால் அடுத்த வேலை பெர்மிட்டுக்கு அதுவே முட்டுக்கட்டை.

போன வாரம் துவாஸில் சிவப்பு விளக்கில் நின்றபோது முன்னால் என் பழைய டிரெய்லர். இடது பின்விளக்கு அதே உடைசலோடு, மேலே சிவப்பு டேப் ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.