அய்யம்பேட்டைப் பக்கத்து மல்யுத்தக் கூடம்: பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு

மல்யுத்தம் நடக்கும் மெத்தை விரிப்பான மேட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். எந்த மல்யுத்தக் கூடமானாலும் என் முதல் வார்த்தை இதுதான். பயிற்சியாளரின் பதக்கங்களையும் சுவரில் மாட்டிய படங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், அய்யம்பேட்டையைத் தாண்டியதும் ஒரு பழைய நெல் கிடங்கில் இந்தக் கூடம் நடக்கிறது. அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் இங்கே பயிற்சி பெறுகிறாள். நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். அதனால் உடம்பைப் பற்றிய பகுதியை நீளமாகவே எழுதப்போகிறேன்.

சர்வதேசப் போட்டிக்கான மேட் 12 மீட்டருக்கு 12 மீட்டர் இருக்கும். அதன் நடுவே 9 மீட்டர் விட்டத்தில் வட்டம், வட்டத்தின் உள்விளிம்பில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஆரஞ்சு வளையம். இங்கே கிடப்பது அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான பரப்புத்தான். துண்டுதுண்டாகச் சேர்த்து, மேலே வினைல் உறை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் உறை இல்லை. இணைப்பு இடைவெளியில் பிள்ளைகளின் கால் விரல் சிக்கியது. பெற்றோர் சேர்ந்து கேட்டபின் உறை வந்தது. ஆனால் வளையம் இன்னும் வரவில்லை. வட்டத்துக்கு வெளியே எதிராளியைக் கால் வைக்கச் செய்தால் ஒரு புள்ளி கிடைக்கும். அந்தக் கோட்டைக் கண்ணால் பார்க்காமலே பயிற்சி எடுத்த பிள்ளைகள், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கோட்டருகே தடுமாறுகிறார்கள். என் மகளும் ஒரு ஆட்டத்தை அந்த ஒற்றைப் புள்ளியில்தான் இழந்தாள். ஒரு டப்பா பெயின்ட் விலைதானே!

சுத்தத்தில் குறை சொல்ல இடமில்லை. வகுப்புக்கு முன் தினமும் கிருமிநாசினி கலந்த நீரால் மேட்டைத் துடைக்கிறார்கள். மேட்டில் போடும் ஷூவோடு யாரும் வெளியே போகக் கூடாது; வெறுங்காலோடு கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பி ஏறவும் கூடாது. படர்தாமரை இந்த விளையாட்டை விட்டு விலகாத தொல்லை. தோலும் தோலும் உரசும் இடத்தில் ஒருவனுக்கு வந்தால் பத்து நாளில் பாதி வகுப்புக்கு வந்துவிடும். ஒரு பையனின் கழுத்தில் வட்டமாகச் சிவந்திருந்ததைக் கண்ட பயிற்சியாளர், மருத்துவரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் மேட்டில் ஏறலாம் என்று அன்றே அனுப்பிவிட்டார். அவன் கல்லூரி அணியில் முக்கியமான பையன். இருந்தும் அனுப்பினார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை பிறந்த இடம் அது.

அவர் பட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயம் பெற்றவர். சேர்ந்த புதிதில் விழுவதற்கு மட்டுமே கற்றுக்கொடுக்கிறார். தாடையை மார்போடு ஒட்டி, கையை ஊன்றாமல், தோளால் உருண்டு விழ வேண்டும். இதைப் பார்த்துச் சில பெற்றோர் பொறுமை இழந்தார்கள். ஊன்றிய கையில் மணிக்கட்டு முறிந்து வரும் பிள்ளைகளுக்கு மாவுக்கட்டுப் போடும் இடத்தில் நின்றவள் நான். எனக்கு அவசரம் இல்லை.

நம் மாவட்டங்களில் மல்யுத்தத்துக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கபடியிலிருந்து வருகிறவர்கள். அவர்களைக் கையாளும் விதத்தில்தான் இவருடைய திறமை தெரிகிறது. கபடிக்காரன் கணுக்காலுக்குப் பாயப் பயப்பட மாட்டான். அந்தத் துணிவு மல்யுத்தத்தில் பெரிய சொத்து. ஆனால் அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாய்வான். பிடித்த நொடியில் கூட்டாளிகள் வந்து விழுவார்கள் என்று உடம்பு எதிர்பார்க்கும். மேட்டில் யாரும் வரப்போவதில்லை. தொங்கிய தலையை எதிராளி மேலிருந்து அழுத்திக்கொண்டு பின்னால் சுற்றிப் போய்விடுவான். இரண்டு புள்ளி போய்விடும். ஆகவே முழங்காலை முன்னே வைத்து இறங்கு, முதுகை நிமிர்த்து, நெற்றியை அவன் விலாவில் ஒட்டு, பிறகு காலைப் பிடி என்று திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார். பழைய துணி அடைத்த டம்மியைத் தூக்கிப் போடுவது, கயிறு ஏறுவது, தண்டால், பஸ்கி எல்லாம் உண்டு. புரதப் பொடி விற்பதில்லை. முட்டை, நிலக்கடலை, மீன், நீராகாரம் போதும் என்கிறார். நானும் அதையே சொல்வேன்.

இனி எடை. எந்தப் பெற்றோரும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற வினேஷ் போகாட், மறுநாள் காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் நீக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்த பல பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பாடம், இன்னும் கடுமையாகத் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பது. அமெரிக்கக் கல்லூரிகள் இதற்கு நேர்மாறான பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றன. 1997-இன் கடைசி வாரங்களில் அங்கே மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியில் அடுத்தடுத்து இறந்தார்கள். வியர்வை வெளியேறாத ரப்பர் உடை, சூடான அறை, தண்ணீர் மறுப்பு ஆகியவைதான் காரணம். அதன் பிறகு அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு ரப்பர் உடையையும் நீராவி அறையையும் தடை செய்தது. சிறுநீர்ச் சோதனையில் உடம்பில் நீர்ச்சத்து இருப்பது உறுதியான பிறகே ஒருவருடைய குறைந்தபட்ச எடை முடிவாகிறது. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் இறக்கக் கூடாது. 58 கிலோ உள்ள பெண்ணுக்கு அது வாரத்தில் 870 கிராம்.

இந்தக் கூடத்தில் சித்திரை வெயிலில் ஒரு பையன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். உதவிப் பயிற்சியாளர் சொல்லி ஓடியிருக்கிறான். நாடி பார்த்தேன், உதடு வறண்டிருந்தது, நிறுத்தி உட்கார வைத்து உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன். தலைமைப் பயிற்சியாளரிடம் அன்றே பேசினேன். அவர் மறைக்கவில்லை, மழுப்பவில்லை. அதற்குப் பின் மழைக்கோட்டு கூடத்துக்குள் வரவில்லை. என் மகளை 53 கிலோவுக்கு இறக்கலாம் என்ற பேச்சும் அத்தோடு நின்றது. இப்போது அவள் 57-இல் ஆடுகிறாள், வயிறாரச் சாப்பிடுகிறாள், மூன்றாவது நிமிடத்திலும் மூச்சு இருக்கிறது. ஆனால் எடைப் பதிவேடு ஒன்றை வாரந்தோறும் எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று நான் கேட்டது இன்னும் நடக்கவில்லை. அது நடக்கும் வரை இந்தக் கூடத்துக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளைப் பிள்ளைகளுக்குத் திரையில் காட்டுகிறார்கள். அங்கே விதி வேறு. எதிராளியைக் கீழே கட்டுப்படுத்தி வைத்திருக்கும் நேரத்துக்கும் புள்ளி உண்டு, 2023-24 பருவத்திலிருந்து நிற்கும் எதிராளியைக் கீழே வீழ்த்திக் கட்டுப்படுத்தும் டேக்டவுனுக்கு மூன்று புள்ளி. நம் போட்டிகளில் இரண்டுதான். இந்த வேறுபாட்டைப் பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே காட்டுகிறார். தரையில் கிடப்பவர் இடுப்பை எப்படி விடுவித்துக்கொண்டு எழுகிறார் என்பதைக் கற்க அதைவிட நல்ல பாடம் கிடையாது.

அந்தப் போட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு ஏக்கம் வருகிறது. அங்கே ஆண்களுக்கான முதல் என்சிஏஏ மல்யுத்தப் போட்டி நடந்தது 1928-இல். பெண்கள் அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை காத்திருந்தார்கள்! ஒலிம்பிக்கிலேயே பெண்கள் மல்யுத்தம் 2004-இல்தான் வந்தது. 2021-இல் அயோவா பல்கலைக்கழகம் பெண்கள் அணியை அறிவித்தது. 2025 ஜனவரியில் பெண்கள் மல்யுத்தத்துக்குத் தேசிய சாம்பியன்ஷிப் நடத்த என்சிஏஏ ஒப்புதல் கொடுத்தது. கல்லூரி அணி என்றால் அங்கே தனி மேட், தனிப் பயிற்சியாளர், படிப்புக்கு உதவித்தொகை. என் மகளின் கல்லூரியில் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கபடி அணியிலிருந்தும் ஜூடோ அணியிலிருந்தும் ஆள் எடுத்து மல்யுத்த அணி என்று பெயர் கொடுக்கிறார்கள். ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுப்பவளும் அந்த ஒரு வாரக்காரியும் ஒரே பட்டியலில். இத்தனை கல்லூரிகள் உள்ள தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி முழு அளவு மேட் ஒன்றை வாங்கிப் போட்டாலே இந்தப் பிள்ளைகளுக்கு அது போதும்.

கூடத்தின் சுவரில் காஷாபா ஜாதவின் படம் இருக்கிறது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் பதக்கம் கொண்டுவந்தவர். அவர் பயணச் செலவுக்காகக் கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்தேகர் தன் வீட்டை அடமானம் வைத்து 7000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் 1955-இல் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார். இந்தக் கதையைப் பயிற்சியாளர் சொல்லும்போது பிள்ளைகள் அசையாமல் கேட்கிறார்கள்.

ஆனால் அதே சுவரில் 'அரசு வேலை உறுதி' என்று எழுதியிருப்பதை அழிக்க வேண்டும். சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா போன்றவர்களுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது உண்மை. தமிழ்நாட்டுக் காவலர் தேர்விலும் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் எந்தப் போட்டியின் சான்று, எந்தப் படிவத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல்கலைக்கழக அணிக்காக ஆடியதற்கான படிவமும், மாநில அணிக்காக ஆடியதற்கான படிவமும் வேறு வேறு. தனியார் நடத்தும் அழைப்புப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளை நம்பி மூன்று ஆண்டுகளைக் கழித்த ஒரு பையனை இங்கேயே பார்த்தேன். நுழைவுக் கட்டணம் கட்டும் முன், இந்தச் சான்று எங்கே செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். பதக்கம் வராத பிள்ளைக்கும் வழி உண்டு: உடற்கல்விப் பட்டம், பயிற்சியாளர் பட்டயம், நடுவர் தேர்வு. இதைப் பற்றி இங்கே பேசுவது குறைவு.

பெண்களுக்கு உடை மாற்றும் அறை இருக்கிறது, உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது. பெண் உதவியாளர் ஒருவர் எப்போதும் உண்டு. மாலை வகுப்பு ஏழரைக்கு முடிவதால் பாபநாசம் பக்கம் போகும் பிள்ளைகள் டவுன் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கிறது. கால் மணி முன்னதாக விடச் சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் கூரை ஒழுகி மேட்டைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். அந்த நாட்களுக்கும் மாதக் கட்டணம் 1200 ரூபாயை முழுதாக வாங்குவது நியாயமில்லை.

சேர்க்கப் போகிறவர்கள் ஒரு மாலை வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள், அனுமதிக்கிறார்கள். பிள்ளைக்கு நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், தனித் துண்டு வேண்டும், தண்ணீர்ப் பாட்டில் இரண்டு வேண்டும். பயிற்சிக்குப் பின் காது மடல் வீங்கி மெத்தென்று இருந்தால் அடுத்த நாளே மருத்துவரிடம் காட்டி நீரை எடுத்துவிடுங்கள். விட்டால் கட்டியாக இறுகி அப்படியே நின்றுவிடும்.