ஹாட்யாய் முதல் நாள்: காடியா, ரயிலா?

மலேசியா கெடாவுல எங்க பீடோங் பக்கம் வெளிநாடுன்னா முக்காவாசி பேருக்கு பார்டர தாண்டி இருக்குற தாய்லாந்து ஊரு ஹாட்யாய்தான். தோட்டத்துல போனஸ் போட்டா போதும், மறுவாரம் பாதி பேரு தாய்லாந்து. போறதுக்கு முன்னால எப்பவும் ஒரே சண்டை, காடியில, அதான் கார்ல போறதா, ரயில்ல போறதா. எல்லாரும் பெட்ரோல் எவ்ளோ டிக்கெட் எவ்ளோன்னுதான் கணக்கு போடுறாங்க, ஆனா முதல் நாள சாப்பிடுறது பார்டர்தான் லா, காசு இல்ல.

நானும் என் கூட்டாளியும் ரெண்டு விதமாவும் போயிட்டு வந்துட்டோம்.

மொத தடவை காடி, அதுவும் ஸ்கூல் லீவுல. புக்கிட் காயு ஹீத்தாம் பார்டர் காலையில 6 மணிக்கே திறந்துடும், நம்ம இடத்துலேர்ந்து ஹைவே ஏறினா ஒரு மணி நேரம் சொச்சம், அதனால பசியாறிட்டு மெதுவா கெளம்பலாம்னு அவன் சொன்னான், நானும் தலையாட்டினேன். பார்டருக்கு முன்னால சங்லூன்ல தாய்லாந்து இன்சூரன்ஸ் எடுக்க நிறுத்தினா கிராண்ட், அதான் காடி பத்திரம், அதோட காப்பி கேக்குறாங்க. கிராண்ட் வீட்டு அலமாரியில. காடி வேற அவன் அப்பா பேர்ல, அதுக்கு ஒரு அனுமதி கடிதம் வேணும். அவன் தங்கச்சிக்கு போன் போட்டு, அது தேடி எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி, கடையில பிரிண்ட் எடுத்து, அதுக்கப்புறம் வரிசையில போய் நின்னா முன்னால இருக்குற காடி நகரவே மாட்டேங்குது, ஏர்கான் ஓடுது, பெட்ரோல் போவுது, நாங்க வாங்கின கச்சாங் கடலையும் தீந்து போச்சு. பார்டருக்கு அந்தப் பக்கம் டானோக் தாண்டி இன்னும் அம்பது கிலோமீட்டர் சொச்சம். ஹோட்டல்ல பேக் போட்டப்ப மூனு மணி. அன்னைக்கு பாத்தது ஒன்னுமில்ல, தூங்கினதுதான்.

ரெண்டாவது தடவை சுங்கை பட்டாணியில காலை கொமூட்டர் ரயிலு. பார்டர்ல இருக்குற பாடாங் பெசார் வரைக்கும் ஒன்னேகால் மணி நேரம் மாதிரி, பத்து மலேசிய வெள்ளிக்குள்ள. அங்க ஒரே ஸ்டேஷன்லயே பாஸ்போர்ட்டுக்கு முத்திரை, அதான் மலேசியா சாப்பு, நாலு எட்டு நடந்தா தாய்லாந்து சாப்பு. வரிசை இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா மனுசன் வரிசை காடி வரிசை மாதிரி இல்ல, நகந்துகிட்டே இருக்கும். அப்புறம் தாய்லாந்து ரயிலு, நாங்க போனப்ப 50 பாட், ஒரு மணி நேரம். ஜன்னல் பக்கம் பாத்தா ரெண்டு பக்கமும் பால் மரம், நம்ம ரப்பர் மரம்தான், பால் வடிய மங்கு கட்டி வச்சிருக்கான். காசு குடுத்து வெளிநாடு வந்து இதையாடா பாக்குறோம்னு அவன் சிரிச்சான்.

எனக்கு அந்த இடத்துல சிரிப்பு வரல. 1942, 43ல ஜப்பான்காரன் தோட்டத்து சனங்கள சயாம், அதான் தாய்லாந்து, மரண ரயில் தண்டவாளம் போட ஏத்திட்டு போனது இந்த பாடாங் பெசார் தண்டவாளத்து வழியாத்தான். எங்க பாட்டி சயாமுன்னு சொல்லும்போதே குரல் மாறும். சரி, அது வேற கதை.

ரயிலோட பெரிய லாபம், ஹாட்யாய் ஸ்டேஷன் ஊருக்கு நடுவுலயே இருக்கு, எறங்கி பேக்கோட நடந்தே கிம் யோங் மார்க்கெட் போயிடலாம். கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால வச்சிடலாம், அவங்க நேரம் நமக்கு பிந்தி. மதியம் சாப்பிடுறப்பவே நாங்க பாதி ஊரு பாத்தாச்சு. கொறைன்னு பாத்தா அந்த ரயிலு காலையில ஒன்னு சாயங்காலம் ஒன்னுதான், காலை வண்டிய விட்டீங்கன்னா முதல் நாள் அங்கேயே முடிஞ்சிச்சு.

அப்பா அம்மா, சின்ன பிள்ளைங்கன்னா நான் வாயே தொறக்க மாட்டேன், காடிதான். குன்னு மேல இருக்குற நாலு முக பிரம்மாவ கும்பிடணும், வெள்ளி சனி ஞாயிறுல குளோங் ஹே மிதக்கும் சந்தைக்கு போவணும்னாலும் காடி சவுகரியம், இல்லாட்டி துக்துக் காரன்கிட்ட பேரம் பேசியே தொண்டை காஞ்சிடும். வேன் வேணாம், எல்லாரும் எறங்கி சாப்பு அடிச்சு வர்ற வரைக்கும் காத்து கெடக்கணும்.

எதுல போனாலும் தாய்லாந்துக்குள்ள போறதுக்கான டிஜிட்டல் கார்டு மறக்காதீங்க, 2025 மே 1லேர்ந்து கட்டாயம், போறதுக்கு மூனு நாளுக்குள்ள போன்லயே போடலாம், இனாம். காசு கேக்குற வெப்சைட் வந்தா அது ஏமாத்து வேலை, மூடிடுங்க.

ரெண்டே பேருன்னா என் ஓட்டு ரயிலுக்கு. கூட்டாளி இன்னும் ஒத்துக்கல, வர்றப்ப ரெண்டு பை முறுக்கு முந்திரிய தோள்ல தூக்கிட்டு வந்தது அவன்தான். அடுத்த மாசம் மறுபடி போறோம். கிராண்ட போட்டோ எடுத்து நேத்தே எனக்கு அனுப்பிட்டான், ஒரு வார்த்தையும் எழுதாம.